காட்மியம் சல்ஃபைடு ஒளியுணரியைச் சுற்றில் இணைக்கும் முறை

காட்மியம் சல்ஃபைடு மஞ்சள் நிறமுடைய குறைகடத்திச் சேர்மம். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு மின்னைக் கடத்தும் நிலைக்கு (கடத்துபட்டைக்கு) வரத் தேவையான ஆற்றல், ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், பச்சை ஒளியோ அதைவிடக் குறுகிய அலைநீள ஒளியோ விழும்போது எலக்ட்ரான்கள் கடத்துபட்டைக்குத் தாவி, மின்தடை சரிகிறது.

முதலில் மல்டிமீட்டரால் உணரியைச் சோதியுங்கள். இருளில் மெகா ஓம் அளவுக்கு உயரும் மின்தடை நல்ல வெளிச்சத்தில் சில கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும். பின்னர் அதை 10 கிலோ ஓம் மின்தடையுடன் தொடராக இணைத்து, 5 வோல்ட் கொடுத்து, இரண்டும் சேரும் புள்ளியில் மின்னழுத்தத்தை எடுங்கள். உணரிக்கு முனைவு (நேர், எதிர் முனை என்ற வேறுபாடு) கிடையாது. ஆனால் அதை நேர்முனைப் பக்கம் வைத்தால்தான் வெளிச்சம் கூடும்போது அம்மின்னழுத்தமும் கூடும்.

பலர் கவனிக்கத் தவறும் படி ஒன்று உண்டு: இச்சுற்றைக் கொண்டு இயக்கும் விளக்கு எந்தச் சுற்றுப்புற வெளிச்சத்தில் எரிய வேண்டுமோ, அந்த வெளிச்சத்தில் உணரி காட்டும் மின்தடையை அளந்து, அதற்கு நெருங்கிய மதிப்புள்ள மின்தடையையே 10 கிலோ ஓமுக்குப் பதிலாகப் பொருத்துங்கள், ஏனெனில் சுற்றின் உணர்திறன் அங்கேதான் உச்சமாகும்.

இவ்வுணரி மெதுவாகவே செயல்படுவதால், அந்தி விளக்குகளுக்குப் போதுமானது. வேகமான ஒளித்துடிப்புகளுக்கு ஒளியை உணரும் டையோடே (photodiode) ஏற்றது. காட்மியம் நச்சுத்தன்மை உடையது என்பதால் உணரியை உடைக்கவோ எரிக்கவோ கூடாது. பழுதானதை மின்னணுக் கழிவுடன் மட்டுமே சேர்க்க வேண்டும்.