நேர்க்கூற்று, அயற்கூற்று: பாடம் நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

ஒருவர் பேசியதை அவர் சொன்னபடியே எழுதினால் நேர்க்கூற்று; அதையே இன்னொருவர் எடுத்துச் சொல்வதுபோல் மாற்றி எழுதினால் அயற்கூற்று. தொடக்கப் பள்ளித் தமிழ் வகுப்பில் இந்தப் பாடம் வந்துவிட்டால், கரும்பலகையில் முதலில் ஏறுவது ஓர் அட்டவணை. இடப்பக்கம் நான், நீ, இது, இங்கே, இன்று, நாளை. வலப்பக்கம் தான், அவன், அது, அங்கே, அன்று, மறுநாள். பிள்ளைகள் அதைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். பயிற்சித்தாளில் முதல் இரண்டு வாக்கியங்கள் சரியாக வரும். மூன்றாவதில் குழப்பம் தொடங்கும்.

இந்த அட்டவணையைக் கடைசியில் கொடுக்க வேண்டும். முதலில் கொடுத்தால், சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் பாடம் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. ஒருவர் சொன்னதை இப்போது யார், யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்க்கவே பழகுவதில்லை. சொற்கள் மாறுவதற்குக் காரணமே அதுதான்.

மூன்று பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நிலா, கவின், யாழினி என்று வைத்துக்கொள்வோம். நிலா கவினிடம் சொல்கிறாள்: "என் பென்சில் உன் பையில் இருக்கிறது." இதை யாழினி உங்களிடம் வந்து சொன்னால், "தன் பென்சில் கவினின் பையில் இருப்பதாக நிலா சொன்னாள்" என்பாள். கவினே வந்து சொன்னால், "தன் பென்சில் என் பையில் இருப்பதாக நிலா என்னிடம் சொன்னாள்" என்பான். நிலாவே வந்தால், "என் பென்சில் அவன் பையில் இருப்பதாக நான் கவினிடம் சொன்னேன்" என்பாள். சொன்ன செய்தி ஒன்று, அயற்கூற்று மூன்று. 'உன்' என்பது ஓரிடத்தில் 'கவினின்', ஓரிடத்தில் 'என்', ஓரிடத்தில் 'அவன்' ஆகிவிட்டது. 'நீ வந்தால் அவன்' என்ற அட்டவணை விதி இங்கே நிற்காது. இந்த விளையாட்டை நாலைந்து தடவை ஆளை மாற்றி நடத்திவிட்டு, அப்புறம் பிள்ளைகளையே அட்டவணை போடச் சொன்னால், அது அவர்கள் கண்டுபிடித்த அட்டவணையாக இருக்கும்.

அடுத்த தவறு, இதை முற்றிலும் புதிய பாடமாக அறிமுகப்படுத்துவது. பள்ளிக்கு வரும் முன்பே குழந்தை அயற்கூற்றில் பேசிக்கொண்டிருக்கிறது. "அம்மா உன்னை வரச் சொன்னாங்க", "மாமா நாளைக்கு வர்றதா சொன்னாரு", "பாட்டிக்குக் காய்ச்சலாம்" என்று வீட்டில் தூது போகாத பிள்ளை உண்டா? 'வர்றதா சொன்னாரு' என்பதை அப்படியே எழுத்து நடைக்கு ஏற்றினால் 'வருவதாகச் சொன்னார்'. அவ்வளவுதான். 'அயற்கூற்று' என்ற பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைப் பலகையில் எழுதிக் காட்டலாம்.

பேச்சுவழக்கு உதவும் அதே நேரத்தில் காலையும் வாரும். "நான் வர மாட்டேன்னு கவின் சொன்னான்" என்று பேசும்போது அந்த 'நான்' கவின்தான் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. குழந்தை அதையே மேற்கோள் குறி இல்லாமல் எழுதுகிறது. நேர்க்கூற்றும் இல்லை, அயற்கூற்றும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதைவிட, "இந்த நான் யார்? கவினா, எழுதுகிற நீயா?" என்று கேட்பது பலன் தரும். பிள்ளை ஒரு கணம் யோசிக்கும். பிறகு ஒன்று, மேற்கோள் குறி போடும்; இல்லையென்றால், 'நான்' என்பதைத் 'தான்' ஆக்கும்.

'தான்' வந்ததும் இன்னொரு வில்லங்கம். "கவின் தான் வருவதாகச் சொன்னான்" என்று எழுதினால், வருகிறவன் கவின் என்று படிக்கலாம். சொன்னது வேறு யாருமில்லை, கவின்தான் என்றும் படிக்கலாம். கையெழுத்தில் இடைவெளி விடுவதில் பிள்ளைகள் அத்தனை கறாராக இருப்பதில்லை என்பதால் குழப்பம் கூடும். 'தான்' என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது: "தான் வருவதாகக் கவின் சொன்னான்." சொன்னவர் ஆசிரியரோ தாத்தாவோ என்றால் 'தாம்'. பலர் சேர்ந்து சொன்னால் 'தாங்கள்'.

'ஆக' என்பதை எல்லாவற்றிலும் ஒட்டச் சொல்வதுதான் இந்தப் பாடத்திலேயே அதிகம் நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். 'வருவதாக', 'எழுதியதாக' என்று வினை வரும் இடங்களில் அது அழகாகப் பொருந்தும். "இது என் பேனா" என்பதற்கு என்ன செய்வது? விதியை நம்பிய குழந்தை, "அது தன் பேனாவாகப் பாரி சொன்னான்" என்று எழுதும். "அது தன் பேனா என்று பாரி சொன்னான்" என்பதே இயல்பு. எதிர்மறையிலும் இதே கதை. "எனக்குத் தெரியாது" என்பதற்குத் 'தெரியாததாக' என்று வலிந்து எழுத வேண்டாம்; "தனக்குத் தெரியாது என்று சொன்னான்" போதும். 'என்று' இருந்தால் நேர்க்கூற்று, 'ஆக' இருந்தால் அயற்கூற்று என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அடையாளம் 'என்று' அல்ல. பேசியவரின் வாய்ச்சொல் அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஏவலும் வினாவும் பல வகுப்புகளில் தொடப்படுவதே இல்லை. எல்லா எடுத்துக்காட்டும் 'வருவேன், போவேன்' என்றே இருக்கும். பிறகு "கதவைத் திற" என்று கேட்டதும், "ஆசிரியர் கதவைத் திறப்பதாகச் சொன்னார்" என்று விடை வரும். இப்போது கதவைத் திறக்கப் போவது ஆசிரியர்! 'திறக்கச் சொன்னார்' அல்லது 'திறக்கும்படி சொன்னார்' என்பதை ஆரம்பத்திலேயே பழக்கிவிட வேண்டும். 'ஓடாதே' என்பது 'ஓட வேண்டாம் என்று சொன்னார்' ஆகும். அத்தை நிலாவிடம், "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டால், அது "நிலா சாப்பிட்டாளா என்று அத்தை கேட்டார்" ஆகும். இறுதியில் முற்றுப்புள்ளிதான், வினாக்குறி கூடாது. 'சொன்னார்' என்பது 'கேட்டார்' ஆவதையும் சுட்டிக்காட்டுங்கள்.

ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு தடுமாற்றம் உண்டு. ஆங்கிலத்தில் 'சொன்னான்' என்று இறந்தகாலம் வந்தால், உள்ளே இருக்கும் வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்னால் போகும். அந்தப் பழக்கத்தில், "நான் படிக்கிறேன்" என்பதைத் "தான் படித்ததாகக் கவின் சொன்னான்" என்று தமிழிலும் மாற்றிவிடுகிறார்கள். தமிழில் அது படித்து முடித்துவிட்டான் என்றாகிவிடும். "தான் படிப்பதாக" என்பதே சரி. 'படிக்கிறேன்', 'படிப்பேன்' இரண்டுமே 'படிப்பதாக' ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அயற்கூற்றை நேர்க்கூற்றாக்கச் சொல்லும்போது ஒரு குழந்தை 'படிக்கிறேன்' என்றும், இன்னொன்று 'படிப்பேன்' என்றும் எழுதினால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக மற்றதை அடிப்பது நியாயமில்லை.

காலம், இடம் காட்டும் சொற்களிலும் இதே நிதானம் வேண்டும். காலையில் யாழினி, "நான் இன்று மாலை ஆடுவேன்" என்றாள். மதியம் அதை ஒருவர் சொன்னால் 'இன்று மாலை' அப்படியே இருக்கலாம். அடுத்த வாரம் சொன்னால்தான் 'அன்று மாலை'. பாடநூல் பயிற்சியில் எப்போது சொல்கிறார்கள் என்ற தகவல் இருக்காது என்பதால், 'அன்று' என்று மாற்றுவது வழக்கம். வழக்கம் அது என்று சொல்லியே கற்றுக்கொடுக்கலாம். கேள்வித்தாளில் மட்டும் "சில நாள் கழித்துச் சொல்வதுபோல் எழுதுக" என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

நிறுத்தற்குறிக்குத் தனி வகுப்பே தேவையில்லை. நேர்க்கூற்றில் இரட்டை மேற்கோள் குறி இரு பக்கமும் வேண்டும், அயற்கூற்றில் வேண்டாம். சந்திப் பிழைதான் சற்றுக் கூடுதலாக வரும். 'வருவதாகச் சொன்னான்', 'வருவதாகக் கூறினான்' என்று 'ஆக'வுக்குப் பின் வல்லினம் மிகும். 'வருவேன் என்று கூறினான்' என்பதில் மிகாது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே பாதிப் பிள்ளைகளுக்குக் காது பிடித்துவிடும். கூற்றை மாற்றத் தெரிந்த குழந்தை ஒற்றை மட்டும் விட்டிருந்தால் முழு மதிப்பெண்ணையும் பிடுங்கிவிடாதீர்கள். ஒற்றை மட்டும் வட்டமிட்டுக் காட்டினால் போதும்.