வகுப்புத் தோழரின் அறிவியல் கேள்விக்கு விடை சொல்வது எப்படி?

தோழர் ஒருவர் திடீரென அறிவியல் கேள்வி கேட்டால், எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். "ஆடியில மட்டும் ஏனுங்க இப்படிக் காத்தடிக்குது?" என்று பல்லடத்துக்காரர் கேட்டால், காற்றழுத்தத்தின் வரையறையை ஒப்பிப்பதில் பயனில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதையும், தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு வேகம் கூடிக் கொங்குச் சமவெளிக்குள் நுழைவதையும், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம் என்பதையும் நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

விடை தெரியாவிட்டால் ஊகத்தை உண்மைபோல் சொல்லாமல், மறுநாள் வரை அவகாசம் கேட்கலாம்.

செய்து காட்டக்கூடியதை வாயால் மட்டும் சொல்லக்கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஏன் சிவக்கிறது என்ற கேள்வி ஈரோட்டில் எப்படியும் வரும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவி உலரவிட்டு, சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு சொட்டு வைத்தால் அந்த இடம் செம்பழுப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டதும் மஞ்சள் நிறம் திரும்பும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் ஒரு நிறமும் அமிலத்தில் வேறொரு நிறமும் காட்டுகிறது என்பதை அதன் பிறகே சொல்ல வேண்டும். (சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.)

சில நேரம் கேள்வியிலேயே பிழை இருக்கும். பொள்ளாச்சியில் வெட்டிய தென்னையின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்ல முடியுமா என்று கேட்பவரிடம், கேலி செய்யாமல், தென்னை ஒருவித்திலைத் தாவரம் என்பதால் அதற்கு ஆண்டு வளையம் உருவாவதில்லை என்றும், வெளியே தெரியும் கோடுகள் விழுந்த மட்டைகளின் தழும்புகள் என்றும் விளக்கலாம்.