பேனிக் அட்டாக்: பாதியில் இறங்கிவிடும் பழக்கம்

பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஒரு நிம்மதி.

சிக்கல் ஆரம்பிப்பதே அந்த நிம்மதியில்தான். இறங்கியதால் பிழைத்தோம் என்று மனசு பதிந்துகொள்கிறது. பேனிக் அட்டாக் என்கிற இந்தத் திடீர்ப் பீதி பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணிந்துவிடும். பஸ்ஸிலேயே இருந்திருந்தாலும் அடங்கியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புதான் போய்விட்டது. பிறகு லிஃப்ட் வேண்டாம், தியேட்டர் வேண்டாம், வரிசை வேண்டாம். கடைசியில் துணையில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. இதுதான் அகோராஃபோபியா. திறந்தவெளியைக் கண்டு பயம் என்று மட்டும் இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். 'இங்கே அட்டாக் வந்துவிட்டால் எப்படித் தப்பிப்பேன், யார் உதவுவார்கள்' என்பதுதான் அந்தப் பயம்.

முதல் தடவை நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இதயத்தில் கோளாறில்லை என்று உறுதியான பிறகும் ஒவ்வொரு படபடப்புக்கும் ஈசிஜி எடுக்க ஓடுவதுதான் தவறு.

"தைரியமா இரு" என்று வீட்டார் அதட்டுவதால் பயனில்லை. வெளிவேலை எல்லாவற்றையும் அவர்களே செய்துகொடுப்பது இன்னும் கெடுதல். பாசமாகத் தெரிவதால் யாரும் அதைத் தடுப்பதில்லை.

தெரபி என்றால் ஆறுதலாகப் பேசி அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (சிபிடி) நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள். தலைசுற்றலையும் மூச்சுமுட்டலையும் வேண்டுமென்றே வரவழைத்து, அவற்றால் ஆபத்தில்லை என்று உடம்புக்கே காட்டுவது அது. பயமாகத்தான் இருக்கும். தயவுசெய்து அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை கொடுத்தால், வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம். நாலு நாளில் பலனில்லை என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, கையில் எப்போதும் இருக்கும் தண்ணீர் பாட்டில். அது இல்லாமல் கிளம்பவே முடியாது என்றால், அதுவும் பாதியில் இறங்குவதைப் போலத்தான்: பாட்டில்தான் காப்பாற்றியது என்று மனசு நம்பிக்கொண்டே இருக்கும். போகாமல் தவிர்க்கும் இடங்களைச் சொல்லும்போது தெரபிஸ்ட்டிடம் இதையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பலர் மறைப்பது இதைத்தான்.