ஜன்னல் அடியில் இருக்கும் ஓட்டையை அடைக்காதீர்கள்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஹால் ஜன்னலின் கீழ் டிராக் (ஜன்னல் நகரும் பள்ளம்) நிரம்பி, தண்ணீர் உள்சுவரில் வழிந்து சோபா வரை வந்துவிட்டது. பார்க்க வந்தவர், "வெளியில ஓட்டை இருக்குல்ல சார், அதான் தண்ணி வருது" என்று சொல்லி, சட்டத்தின் வெளிப்பக்கம் இருந்த ஓட்டைகளையெல்லாம் சிலிகான் வைத்து அடைத்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக வழிந்தது.

யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல் வைத்திருக்கும் பலர் செய்யும் தவறு இதுதான். ஜன்னலின் ஸ்லைடிங் கதவு நகர வேண்டுமென்றால் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் டிராக்கில் மழைத்தண்ணீர் விழத்தான் செய்யும். அப்படி விழுந்தது டிராக்கின் அடியில் உள்ள நீள ஓட்டை வழியாகச் சட்டத்துக்குள் இறங்கி, வெளிப்பக்க ஓட்டை வழியாக வடிய வேண்டும். நாங்கள் அடைத்தது அந்த வடிகாலை.

சிலிகானைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓர் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளவி கட்டிய மண், தலைமுடி, செத்த எறும்பு எல்லாம் கட்டியாக வந்தது. முதல் மழையிலேயே வழிந்ததற்குக் காரணம் அந்த மண்தான். இப்போது புரட்டாசியிலேயே டிராக்கைத் துடைத்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுகிறேன். வெளியே சரசரவென்று வடிந்தால் சரி. தயங்கித் தயங்கி வந்தால் மறுபடியும் ஈர்க்குச்சி. பூச்சி வருமே என்று பயந்தால், அந்த ஓட்டைக்கென்றே சின்ன மூடி கிடைக்கிறது. தண்ணீரை விடும், அடைக்காது.

கொசுவலைக்காகவோ திரைச்சீலைக்காகவோ சட்டத்தில் துளை போடுவது அடுத்த தவறு. சட்டம் பிளாஸ்டிக்தான் என்றாலும் உள்ளே வலுவுக்கு இரும்புப் பட்டி இருக்கும். கீழ் டிராக்கில் ஒரு ஸ்க்ரூ இறங்கினால், தண்ணீர் அந்த இரும்பு வரை போக வழி கிடைத்துவிடும். துளை போட்டே ஆகவேண்டும் என்றால் சுவரில் போடுங்கள்.

வீட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். சட்டத்தில் தெறித்த துளியைத் தின்னர் துணியால் துடைத்துவிடுவார்கள். பிவிசி குழாயை ஒட்டும் சொல்யூஷன், குழாயின் மேற்பரப்பைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. அந்தக் குணமுள்ள கரைப்பான்கள் தின்னரிலும் நெயில் பாலிஷ் ரிமூவரிலும் இருக்கும். துடைத்த இடம் முதலில் பளிச்சென்று தெரியும். அப்புறம் மங்கி, அங்கேதான் அழுக்கு பிடிக்கும். துளியைக் காயவிட்டு, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெதுவாக நெம்பினாலே பெரும்பாலும் வந்துவிடும். வேலை தொடங்கும் முன் சட்டத்தின்மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள், ஆனால் அன்றே பிரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் பசை இறுகிவிடும். புது ஜன்னலோடு வரும் பாதுகாப்புத் தாளுக்கும் இதே கதிதான். அழகாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

சாதாரணமாகத் துடைக்க, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். பச்சை நார் ஸ்க்ரப்பர், சோப்புத்தூள், பாத்ரூம் ஆசிட் மூன்றும் வேண்டாம்.

ஜன்னல் இறுக்கமாக நகர்கிறதா? தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு தூசி சேர்ந்து டிராக் முழுக்கப் பிசுக்காகிவிடும். மண்ணெண்ணெய், கிரீஸ் ஜன்னலில் உள்ள ரப்பரில் பட்டால் அது உப்பிப்போகும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணை வாரி எடுங்கள், தேவைப்பட்டால் சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ஜன்னல் கதவின் பக்கவாட்டில் கீழே ஒரு சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். பல ஜன்னல்களில் அடியில் உருளும் ரோலரின் உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூ அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, வீட்டின் யுபிவிசி கதவு. அது தரையில் உரசினால் மரக்கதவு நினைப்பில் அடியை இழைத்துவிடுகிறார்கள். யுபிவிசி சட்டத்தின் சுவர் 2, 3 மில்லிமீட்டர்தான், உள்ளே வெற்றிடம். இழைத்த இடத்தை மறுபடி மூட முடியாது. பெரும்பாலும் கீல் தொய்ந்துதான் கதவு இறங்கியிருக்கும். பல கீல்களில் அதைத் தூக்கி நிறுத்த ஸ்க்ரூவே உண்டு; ஓர் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) இருந்தால் பத்து நிமிட வேலை. இழைப்புளியை எடுப்பவரிடம் முதலில் கீலின் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.