இன்சுலின் எழுதுமுன் பையைத் திறக்கச் சொல்லுங்கள்: குழந்தை ஹார்மோன் துறைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை மருத்துவம் முடித்துவிட்டு ஹார்மோன் துறைக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்குப் படிப்பில் குறையில்லை. வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனையைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் முகாம் போட்டால்தான் தடுமாற்றம். புதிதாக வருகிறவர்களும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

குப்பியும் ஊசியும் பார்க்காமல் "10 யூனிட்" என்று எழுதுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். நம் நாட்டில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு செறிவுகளில் விற்கிறது. 40க்கு உரியது சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். 40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் இழுத்தால் வெறும் 4.

தொண்டிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியை விடியற்காலையில் வலிப்போடு தூக்கி வந்தார்கள். சர்க்கரை 38, மிகக் குறைவு. பயிற்சி டாக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றினார், பிள்ளை தெளிந்தாள். அதுவரை சரி. பிறகு கேஸ் ஷீட்டில் "டோஸ் குறைக்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"பையைத் திறங்கம்மா" என்றேன். மஞ்சப்பைக்குள் 100 யூனிட் குப்பி. கூடவே சிவப்பு மூடி ஊசி.

"மெடிக்கல்ல இதுதான் இருக்குன்னாங்க சார். ஊசி வீட்டுல இருந்துச்சு."

அந்தத் தாய் சொன்ன கோட்டில் பிசகாமல்தான் இழுத்திருக்கிறார். டோஸைக் குறைத்து அனுப்பியிருந்தால், அடுத்த முறை கடையில் 40 குப்பி கிடைத்ததும் மருந்து போதாமல் கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் குறைந்து ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வந்து படுத்திருப்பாள்.

சீட்டில் யூனிட்டோடு செறிவையும் மூடி நிறத்தையும் எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்புமுன் தாய் உங்கள் கண்ணெதிரே ஒருமுறை இழுத்துக் காட்டட்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் குப்பி, ஊசி இரண்டையும் வாங்கிப் பாருங்கள்.

"குளிர்ச்சியா வைங்க" என்பதோடு நிறுத்துவது

பாம்பன், மண்டபம் பக்கம் அப்படிச் சொன்னால் இன்சுலின் மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானை போதும் என்று சொல்லுங்கள். பானைத் தண்ணீர் குப்பியில் படக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திறந்த குப்பிக்குப் பொதுவாக நான்கு வாரம்தான் கணக்கு.

மூச்சு வாங்கினால் நிமோனியா என்று முடிவு கட்டுவது

நெஞ்சில் சத்தமில்லை, மூச்சு மட்டும் ஆழமாக வாங்குகிறது; சில நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது; விட்டிருந்த படுக்கை ஈரம் திரும்ப வந்திருக்கிறது. இது கீட்டோஅசிடோசிஸாக இருக்கலாம்; எக்ஸ்ரேக்கு அனுப்புமுன் விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள்.

பச்சிளங்குழந்தைக்குத் தைராய்டு குறைவு உறுதியான பிறகும் ஸ்கேனுக்குக் காத்திருப்பது

மாத்திரையை அன்றே தொடங்குங்கள்.

கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்காமல் தைராக்சின் (தைராய்டு மாத்திரை) தொடங்குவது

பிட்யூட்டரி (மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும், மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி) குறைபாடு என்று சந்தேகம் வந்தால் முதலில் கார்ட்டிசால் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து, அதற்குப் பிறகே தைராக்சின்.