உறைகுளிர் அறைச் சுவரில் பெயர்ப்பலகை: இருபக்க டேப்பைத் தேர்ந்தெடுத்து ஒட்டும் முறை

ரோலின் அட்டையில் "மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும்" என்று இருக்கும். அதை நம்பி மைனஸ் 18 டிகிரி கோல்ட் ரூமுக்குள் போய் ஒட்டினால், மறுநாளே பலகை தரையில் கிடக்கும். அட்டையில் தவறில்லை. ஒட்டி, நன்றாகப் பிடித்த பிறகு டேப் தாங்கும் குளிர் அது. ஒட்டும்போது சுவர் எவ்வளவு குளிர்ந்திருக்கலாம் என்பது வேறு எண். டேட்டா ஷீட்டில் அது தனியாக இருக்கும்; வாங்கும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான். 3எம் நிறுவனத்தின் விஎச்பி என்ற வலுவான இருபக்க டேப் வகைகளில் பலவற்றுக்கு அந்த எண் 10 டிகிரி செல்சியஸ். குளிரில் ஒட்டுவதற்கென்றே வரும் 4951 எண் விஎச்பி டேப்புக்கு 0 டிகிரி. மைனஸ் 18-இல் நேரடியாக ஒட்ட இவை எதுவும் ஆகாது.

டேப்பின் பசை மிக மெதுவாக வழியும் பொருள். சுவரின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் இறங்கினால்தான் அது பிடிக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் இறுகுவதுபோல் குளிரில் பசையும் விறைத்து, மேடுகளின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். போதாததற்குக் குளிர்ந்த தகட்டில் ஈரக்காற்று பட்டு, மெல்லிய பனிப்படலம் படியும். பசை ஒட்டுவது அந்தப் பனியின் மேல்.

ஒரு மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம், 3 மி.மீ. தடிமன் கொண்ட அக்ரிலிக் பலகையைப் பஃப் பேனல் (இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஃபோம் நிரப்பிய பலகை) சுவரில் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

படி 1: டேப்பைத் தேர்ந்தெடுங்கள். அக்ரிலிக் ஃபோம் டேப்தான் (நெகிழும் நுரை போன்ற அக்ரிலிக் டேப்) வேண்டும், தடிமன் 1.1 மி.மீ. அளவில் இருக்கட்டும். 30 டிகிரியில் ஒட்டிய பலகை மைனஸ் 20-க்குப் போகும்போது அக்ரிலிக் சுமார் 3.5 மி.மீ. சுருங்கும், பேனலின் இரும்புத் தகடு 0.6 மி.மீ. மட்டுமே. நடுவிலிருந்து பார்த்தால் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இழுபறி. ஃபோம் டேப் தன் தடிமனைப்போல் மூன்று மடங்கு வரை பக்கவாட்டில் நெகிழும். 1.1 மி.மீ. டேப் இதைத் தாராளமாகத் தாங்கும், அரை மி.மீ. டேப் தாங்கும் வரம்பின் விளிம்பில் நிற்கும். காகிதம்போல் மெல்லிய டிஷ்யூ டேப் பிய்ந்துவிடும். ரப்பர் பசை டேப் கையில் நன்றாகப் பிசுபிசுக்கும், விலையும் குறைவு. ஆனாலும் உறைகுளிரில் அது நொறுங்கும் என்பதால் வேண்டாம்.

படி 2: அளவு. கிலோவுக்குக் குறைந்தது 57 சதுர செ.மீ. டேப் என்பது பொதுக்கணக்கு. குளிரறைக்கு இரண்டு மடங்காக்குங்கள். 19 மி.மீ. அகல டேப்பில் 25 செ.மீ. துண்டுகள் மூன்று போதும். செங்குத்தாக, இரு ஓரத்திலும் நடுவிலும் ஒட்டுங்கள். படுக்கவைத்து ஒட்டினால் டிஃப்ராஸ்ட் (படிந்த பனியை உருக்கும்) நேரத்து நீர் மேலே தேங்கி உறையும்.

படி 3: நேரம் பார்த்து ஒட்டுங்கள். அறையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளே சரி. சுவர் 20 டிகிரியைத் தாண்டி, தொட்டால் ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பஞ்சு நூல் ஒட்டாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். காய்ந்த பிறகு தேவையானால் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்குங்கள். ஆல்கஹால் காயும் முன் சூடு காட்டினால் தீப்பிடிக்கக்கூடும்; இதில் அவசரமே கூடாது.

படி 4: பலகையில் டேப்பை ஒட்டி, லைனரை (பசையை மூடியிருக்கும் தாளை) உரித்துச் சுவரில் வையுங்கள். ரப்பர் ரோலரால் முழு நீளமும் பலமாக அழுத்துங்கள். விரலால் தடவினால் போதாது.

படி 5: காத்திருங்கள். அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுமை. கம்ப்ரஸரை ஓடவிடும் முன் 24 மணி நேரமாவது கொடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

அறையை நிறுத்தவே முடியாதென்றால் டேப்பை மறந்துவிடுங்கள். பேனலின் வெளித்தகடு இரும்பானால் காந்தம் போதும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் பிடிக்காது. ரிவெட் அடித்தால் துளையை சிலிகான் சீலன்ட்டால் அடையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பேனலின் உள்ளே உள்ள ஃபோமுக்குள் புகுந்து உறையும். தலைக்கு மேல் தொங்கும் எதையும் டேப்பை மட்டும் நம்பி விடக்கூடாது: குளிரில் டேப் அசையாத எடையை நன்றாகவே தாங்கும், ஆனால் ட்ராலி இடித்தால் சட்டென்று விட்டுவிடும்.

பாலிப்புரொப்பிலீன், பாலிஎதிலீன் பரப்புகளில் சாதாரண அக்ரிலிக் டேப் எந்த வெப்பத்திலும் சரியாகப் பிடிக்காது; பசை பிடிக்க முதலில் பூசும் பிரைமர் வேண்டும்.

சந்தேகமிருந்தால் அதே பேனலின் சிறு துண்டில் ஒட்டி, 72 மணி நேரம் கழித்து ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, எடுத்தவுடன் பிய்த்துப் பாருங்கள். ஃபோம் நடுவே கிழிந்து இரு பக்கமும் மிஞ்சினால் நல்ல பிடிப்பு. தகடு பளிச்சென்று சுத்தமாக வந்தால் பசை இறங்கவே இல்லை. சுத்தம் செய்ததையும் சுவரின் வெப்பத்தையும் மறுபடி பாருங்கள். டடடவென்ற ஓசையோடு விட்டுவிட்டு உரிந்தால், அந்தப் பசை அந்தக் குளிரில் கண்ணாடிபோல் விறைத்துவிட்டது. வேறு டேப் வாங்குங்கள்.