நாற்பதாம் நாளுக்கு முன்னே: பெண் குழந்தையைக் கத்னாவிலிருந்து காப்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்களில் பெண் குழந்தைக்குக் கத்னா செய்யும், அதாவது அதன் பிறப்புறுப்பில் கீறும் அல்லது வெட்டும் வழக்கம் பலரும் வாய் திறந்து பேசாமலே தொடர்ந்துவருகிறது. ஆண்பிள்ளையின் சுன்னத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு கொடுக்கிறோம். பெண்பிள்ளையின் கத்னாவோ அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை. பிள்ளை பிறந்து நாற்பது நாளுக்குள் ஒரு காலைப் பொழுதில் கத்னா செய்யும் ஒஸ்தா மாமி வருவார், அறைக்கதவு சாத்தப்படும், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பிள்ளை பிறந்த பின் யோசிக்கலாம் என்று இருந்தால் காலம் போதாது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

யாரிடம் தொடங்குவது என்பதுதான் முக்கியம். நம் பகுதியில் கல்யாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். பிள்ளைப்பேறும் அதன் பின்னான நாற்பது நாளும் தாயின் தாய், அதாவது பிள்ளையின் மூத்தம்மா, சொல்கிறபடிதான் நடக்கும். கணவரை மட்டும் சம்மதிக்க வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அவர் கடைக்கோ வயலுக்கோ போன நேரத்தில்தான் அந்தக் கதவு சாத்தப்படும். கணவரின் சொல்லும் தேவைதான். ஆனால் முதலில் மூத்தம்மாவுடன் உட்காருங்கள். "நீங்கள் செய்தது கொடுமை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "உம்மா, நீங்க எனக்குச் செஞ்சது பாசத்திலதான். ஆனா என்ட புள்ளைக்கு வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் மூன்று மறுமொழிகள் சொல்வார். மூன்றுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதலாவது, "அது மார்க்கக் கடமை" என்பது. இதை அலட்சியமாகத் தட்டிக் கழிக்கக் கூடாது. இலங்கையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) பழைய நூல்கள் இதைக் கடமை என்றே சொல்கின்றன. 2008 இல் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அவ்வாறே பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. ஆனால் குர்ஆனில் பெண் கத்னா பற்றி ஒரு வசனமும் இல்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ்களில் ஒன்றைத் தம் தொகுப்பில் பதிந்த இமாம் அபூதாவூதே அது பலவீனமானது என்று குறிப்பிட்டிருக்கிறார். எகிப்தில் 2006 இல் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் கூடிய உலமாக்கள் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டனர். மறு ஆண்டில் ஒரு சிறுமி இதனால் இறந்தபோது, அந்நாட்டின் முப்தி அலி ஜும்ஆ இது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார். உங்கள் ஊர்ப் பள்ளியில் இதை விளங்கிய மௌலவி ஒருவர் இருந்தால், அவர் வாயால் மூத்தம்மா கேட்பது நீங்கள் பத்து முறை சொல்வதைவிட மேல்.

இரண்டாவது, பிள்ளை ஒழுக்கமாக வளர்வாள் என்பது. ஒழுக்கம் வளர்ப்பில் வருவது. பால்குடிக் குழந்தையின் உடலைக் கீறி வருவதல்ல. இதற்கு மேல் வாதம் வேண்டாம்.

மூன்றாவதுதான் கடினமானது: "ஒரு சொட்டு ரத்தம்தானே, வெளிநாட்டில் போல வெட்டித் தைக்கிறதா?" உலக சுகாதார நிறுவனம் இச்செயலை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. மருத்துவக் காரணமின்றிக் குத்துவதும் கீறுவதும் அதன் நான்காம் வகை. எந்த வகையிலும் உடலுக்கு நன்மை இல்லை என்று அது திட்டமாகச் சொல்கிறது. அந்த அறையைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். பிள்ளை காலை உதைக்கிறது. ஒஸ்தா மாமியின் கையில் பிளேடு. அவர் தொடவேண்டிய இடமோ ஒரு நெல்மணியைவிடச் சிறியது. இவ்வளவு மட்டும் என்று எந்தக் கையாலும் அங்கே அளவு வைக்க முடியாது. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் முழு இரத்தமும் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர், ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். பெரியவர் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் கசிவு பிள்ளைக்குச் சிறிதல்ல.

பேச்சு மட்டும் போதாது. அந்த நாற்பது நாளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். பிரசவத்தின் பின் வீடு தேடி வரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி, மூத்தம்மா இருக்கும்போதே இதுபற்றிப் பேசுமாறு கேளுங்கள். "டொக்டரிடம் சுத்தமாகச் செய்விப்போம்" என்று எவரேனும் வழி சொன்னால், மருத்துவத் துறையினர் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018 இல் சுற்றறிக்கை விடுத்திருப்பதைச் சொல்லுங்கள். முடி இறக்குவது, பெயர் வைப்பது, அகீகா, நாற்பதாம் நாள் குளிப்பாட்டு எல்லாம் வழமைபோல் நடக்கட்டும். ஒஸ்தா மாமியிடம் நேரில் போய், பிளேடு வேண்டாம், துஆ மட்டும் போதும் என்று மரியாதையாகச் சொல்லி, வழக்கமாகக் கொடுக்கும் அரிசியையும் பணத்தையும் குறைக்காமல் கொடுங்கள். ஒஸ்தா மாமிமாரில் பலர் அந்த வருமானத்தை நம்பி வாழும் வயதான பெண்கள். அவரை அவமதித்தால் ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மனம் உறுதியாகாத வீடாக இருந்தால், பிள்ளையைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் நீங்களோ நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருப்பது நல்லது.

ஏற்கனவே நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், சாம்பலோ மஞ்சளோ பூசாமல் பாருங்கள். பிறந்த முதல் வாரத்தில் பெண் சிசுவின் பிறப்புறுப்பிலிருந்து சிறிதளவு இரத்தம் படுவது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் நிற்காத இரத்தம், வீக்கம், காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது வீறிட்டு அழுவது, சிறுநீரே போகாமை ஆகிய எதைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என எல்லா இடத்திலும் அரச வைத்தியசாலை உண்டு. வண்டி கிடைக்காவிட்டால் அம்புலன்ஸ் சேவையின் 1990 ஐ அழைக்கலாம். வைத்தியரிடம் நடந்ததை மறைக்காதீர்கள். மறைத்தால் சிகிச்சை பிந்தும்.

சொல்லியும் கேளாமல் வீட்டார் நாள் குறித்துவிட்டால் 1929 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அந்த இலக்கம் இரவிலும் இயங்குகிறது. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடலாம். கத்னாவுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்படவில்லை. எனினும் தம் பொறுப்பிலுள்ள சிறுவருக்குக் காயமோ துன்பமோ விளைவிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு 1995 முதல் குற்றமாக்கியிருக்கிறது. இதை மிரட்டலாக அன்றி, எல்லாம் தோற்ற பின் எடுக்கும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு நாற்பது கழிந்துவிட்டாலும் அதே வளவில் உங்கள் தங்கையும் குடியிருப்பார்; அவருடைய பிள்ளைக்கும் மூத்தம்மா அவரேதான். தங்கைக்கு ஏழாம் மாதம் பிறக்கும்போது, உங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு உம்மாவின் பக்கத்தில் மறுபடியும் போய் உட்காருங்கள்.